கைமாத்து வால்வு

உக்காருங்க அண்ணாச்சி. கேட் பாஸ் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆவும், கையெழுத்துப் போடுதவரு சாப்பிடப் போயிருக்காரு. சேரைத் தொடச்சிட்டு உக்காருங்க, சாம்பல் இருக்கும். கரி எரிஞ்சு ஏழு மாசம் ஆச்சு, இந்தச் சாம்பல் மட்டும் எங்கேருந்து வருதுன்னு தெரியல.

பழைய இரும்புக்கு விலை பாக்க வந்திருக்கிய, அப்படித்தான? கோயம்புத்தூரா? பேச்சிலேயே தெரியுதே. உள்ள போனா எங்கிட்டயே கேளுங்க. எந்தக் குழாய் எங்க போவுது, எது நல்ல உருக்கு, எது வெறும் தகரம்னு என்னை விட்டா இங்க சொல்ல ஆள் கெடையாது. அதுக்காவத்தான் இந்த இடிக்கிற காண்ட்ராக்டர் எனக்கு ஒரு சேரும் விசிலும் குடுத்து வச்சிருக்கான். இருபத்தாறு வருச சர்வீஸ், மூணாவது யூனிட் ஷிப்ட் இன்சார்ஜ். சற்குணம்னு சொன்னா டவுன்ஷிப்புல எந்திரிச்சு நிப்பாவ. இப்ப லாரி நம்பர் எழுதுதேன். எல்லாம் என் தங்கச்சி மாப்பிள்ளையால. ஜோதிமுத்துன்னு பேரு. ஒரு தட்டு தட்டுனான் அண்ணாச்சி, ஒரே ஒரு தட்டு, நான் இந்தச் சேர்ல வந்து உக்காந்துட்டேன்.

என்ன தட்டுன்னு கேக்கிய. சொல்லுதேன். அதுக்கு மொத இந்த எடம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும்.

மொதல்ல இது எல்லாம் ஒரே கம்பெனி, கவர்மெண்ட் கம்பெனி. ஒரு பாய்லர், ஒரு டர்பைன், இது சேர்ந்தா ஒரு யூனிட்டு. அப்படி நாலு. ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஓடும். திடீர்னு டெல்லியில முடிவு பண்ணிட்டாவ, கவர்மெண்ட் கரண்ட் தயாரிச்சது போதும், தனியாருக்கு வித்துருவோம்னு. சும்மா வித்தா ஆச்சா? ஒரே ஆளுக்கு வித்தா அவன் வச்சதுதான் விலையாம். ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் குடுத்தா போட்டி வருமாம், போட்டி வந்தா விலை எறங்குமாம். டை கட்டிக்கிட்டு நாலு பேரு வந்து படம் போட்டுக் காட்டுனாவ. ஒண்ணும் ரெண்டும் ஒரு கம்பெனிக்கு, மூணும் நாலும் இன்னொரு கம்பெனிக்கு. நாங்க வாயில நொழையிற மாதிரி வடக்குக் கம்பெனி, தெக்குக் கம்பெனின்னு சொல்லிக்கிட்டோம். நான் தெக்கு. அவன், ஜோதிமுத்து, ரெண்டாவது யூனிட்டு, அதனால வடக்கு. மொதல்ல தரையில மஞ்சக் கோடு போட்டாவ. பெறவு கோட்டு மேலயே சுவர் எழுப்பிட்டாவ. கேண்டீன் மட்டும் ஒண்ணு, அதுலயும் கவுண்டர் ரெண்டு.

தினமும் காலையில பத்து மணிக்குள்ள, நாளைக்குக் கரண்டை என்ன விலைக்குத் தருவோம்னு ரெண்டு கம்பெனியும் கரண்ட் வாங்குத கவர்மெண்ட் ஆபீசுக்கு எழுதி அனுப்பணும். எவன் விலை கம்மியோ அவன் பாய்லர் எரியும். மத்தவன் அணைச்சுட்டு சும்மா கெடக்கணும். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, பாத்துக்கிடுங்க. கவர்மெண்ட் காலத்துல வேலை செய்தவனும் தூங்குதவனும் ஒண்ணு. இப்ப அப்படி இல்லல்லா. நாம ஜெயிச்சமா தோத்தமான்னு தினமும் தெரிஞ்சிரும்.

ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுலதான் சாப்பாடு. செல்லக்கனி, எனக்கு ஒரே தங்கச்சி. நான்தான் ஜோதிமுத்துக்குக் கட்டிக் குடுத்தேன், கூட வேலை பாக்குதான், நல்ல பையன்னு. அவன் சாப்பிட்டுக்கிட்டே பேசுவான். எங்க கரி இந்த வாரம் ஈரம் மச்சான், கரி அரைக்கிற மில்லு ஒண்ணு படுத்துருச்சு மச்சான்னு. நான் திங்கக்கிழமை எங்க மேனேஜருகிட்ட பேச்சுவாக்குல சொல்லுவேன். அதுக்கு ஏத்த மாதிரி அவரு விலை எழுதுவாரு. உளவுன்னு சொல்லுதாவ சிலபேரு. அது என்ன உளவு? கேட்டாவ, சொன்னேன். குடும்பத்துல பேசுதது காதுல விழாமலா இருக்கும்?

இப்ப அந்தத் தட்டு விசயத்துக்கு வாரேன், கீழ கைமாத்து வால்வுன்னு ஒண்ணு உண்டு. நீங்க நாளைக்கு அதைத்தான் எடை போடப் போறிய, நல்ல உருக்கு, முந்நூறு கிலோ தேறும்.

அணைஞ்ச பாய்லரை மறுபடி எழுப்பணும்னா கொஞ்சம் நீராவி வேணும். எண்ணெயைச் சூடு பண்ண, அதுக்கு இதுக்குன்னு. அதுக்குச் சின்னதா ஒரு பாய்லர் உண்டு, அது எப்பவும் மக்கர் பண்ணும். அப்ப ஓடுத யூனிட்டுகிட்ட இருந்து கொஞ்சம் நீராவி வாங்கிக்கிடுவோம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்குத மாதிரி. அதுக்கு அடித்தளத்துல ஒரு குழாய், ரெண்டு பக்கமும் ஒரு வால்வு. கைமாத்துக் குழாய்னே பேரு. சுவர் எழுப்பும்போது கூட அந்தக் குழாயைச் சுத்தித்தான் கட்டுனாவ, வெட்டல.

அங்க கீழ எரைச்சல்னா எரைச்சல். கத்துனா கேக்காது, போன் கெட்டு எத்தனையோ வருசமாச்சு. அதனால ஸ்பேனரை எடுத்துக் குழாயில தட்டுவோம். ரெண்டு தட்டுனா, நீராவி வேணும்னு அர்த்தம். பதிலுக்கு ஒண்ணு தட்டுனா, தாரேன், வடிகாலத் தொறந்துட்டு நில்லுன்னு அர்த்தம். மூணு தட்டுனா இல்ல, வேற வழி பாத்துக்கன்னு. பதில் தட்டாம மட்டும் இருக்கப்பிடாது. ஏன்னா குளுந்த குழாயில தண்ணி தங்கியிருக்கும். அதை வடிய விடாம நீராவி விட்டா குழாய் வெடிச்சிரும். நான் வேலைக்குச் சேந்த புதுசுல அப்படி ஒரு ஆளு வெந்து செத்தாரு. அன்னைலேருந்து வடிகாலத் தொறந்தவன் அந்த எடத்தை விட்டு நகரப்பிடாது, ஒண்ணுக்குக்கூடப் போவப்பிடாது. தட்டுல பொய் கெடையாதுன்னு சின்னவன் பெரியவன் எல்லாருக்கும் தெரியும். சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லுவான், குழாயில பொய் தட்ட மாட்டான்.

போன வருசம் சித்திரை மாசம். கொளுத்துது வெயிலு. ஊர் முழுக்க ஏசி, கரண்ட் பத்தல. விக்கும்போதே ஒரு சட்டம் எழுதி வச்சிருந்தாவ, கூப்பிட்ட நேரத்துக்கு மூணு தடவை பாய்லரை எழுப்ப முடியாத கம்பெனியைக் கரண்ட் வாங்குத லிஸ்ட்டுல இருந்தே எடுத்துருவோம்னு. எடுத்துட்டா கம்பெனியை மூட வேண்டியதுதான். வடக்குக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை எழுப்ப முடியாமப் போச்சு. அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு மூணாவது தடவையா கூப்பிட்டுட்டாவ. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கரண்ட் வரணும். அவிய சின்ன பாய்லரு டியூப் ஒழுகிக் கெடக்கு.

அவிய மேனேஜரு எங்க மேனேஜருக்குப் போன் போட்டாரு, கொஞ்சம் நீராவி குடுங்கன்னு. எங்காளு, மேலிடத்துல கேட்டுச் சொல்லுதேன்னு வச்சுட்டாரு. வச்சுட்டு என்னைக் கூப்பிட்டாரு. சின்ன வயசு, என் மவன் வயசுதான் இருக்கும், ஆனா தங்கமான மனுசன். பக்கத்து உரக் கம்பெனியில லாரியில வச்ச பாய்லர் ஒண்ணு இருக்கு, வடக்கு அதைக் கேட்டிருக்கு, அவியளும் சரின்னு லாரியைக் கெளப்பப் போறாவ, அது வந்துட்டா இவிய தப்பிச்சிருவாவன்னாரு. சொல்லிட்டு என் முகத்தைப் பாத்தாரு.

"அவங்க எங்கேயும் போகாம பாத்துக்க முடியுமா, சற்குணம்?"

அவ்வளவுதான் கேட்டாரு. எப்படின்னு அவரு சொல்லல. அது என் யோசனை. அதை நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க.

கீழ எறங்கிப் போனேன். போய் நிக்கேன், குழாயில ரெண்டு தட்டு. டக், டக். அது ஜோதிமுத்துதான். அவன் தட்டு எனக்குத் தெரியும், ரெண்டாவது தட்டைக் கொஞ்சம் மெதுவாத்தான் தட்டுவான். நான் ஸ்பேனரை எடுத்தேன். ஒண்ணு தட்டுனேன்.

மூணு தட்டியிருக்கலாமேங்காவ. மூணு தட்டுனா அவன் மேல ஓடிப்போய் லாரியை வரச் சொல்லிருவான், அப்ப நான் கீழ எறங்கிப் போனதுக்கு என்ன அர்த்தம்? ஒண்ணு தட்டுனேன். அவன் வடிகாலத் தொறந்து வச்சுட்டு, மேல ஆளனுப்பி, மச்சான் தாராவ, லாரி வேண்டாம்னு சொல்லிட்டான். அவிய மேனேஜரு நெசமாவான்னு கேட்டதுக்கு, தட்டிட்டாவ சார், அதுக்கு மேல என்னன்னு சொல்லியனுப்புனானாம். பாதி வழி வந்த லாரி திரும்பிப் போச்சு.

ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி ரெண்டு தட்டு. நான் ஒண்ணு தட்டுனேன். பெறவு ஒரு ரெண்டு. ஒண்ணு தட்டுனேன். மொத்தம் மூணு தடவை. நான் யாருக்கும் எழுதிக் குடுக்கல, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. இரும்புல இரும்பு பட்டா சத்தம் வரும், அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

மத்தியானம் கேண்டீன்காரரு ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டாந்து குடுத்தாரு. செல்லக்கனி குடுத்துவிட்ட சாளைமீன் குழம்பு. எனக்குன்னா சாளையில புளி கொஞ்சம் தூக்கலா வைப்பா. தினமும் ஜோதிமுத்துதான் கேண்டீன்ல வச்சு எங்கிட்ட தருவான். அன்னைக்கு அவன் வடிகால விட்டு நகர முடியாதுல்லா, அதான் கேண்டீன்காரருகிட்ட, மச்சானுக்குக் குடுத்துருங்க, ஆறிரும்னு சொல்லியனுப்பியிருக்கான். சாப்பிட்டேன். குழம்பு அன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு.

ரெண்டு மணிக்கு மேல அவனும் தட்டல. அதுக்கு மேல லாரியே வந்தாலும் ஆறு மணிக்குள்ள நடக்காது, கணக்கு எனக்குத் தெரியும். ஆறு மணி ஆச்சு, வடக்குக் கம்பெனி பேரு லிஸ்ட்டுல இருந்து போச்சு. மறுநாளே கேட்டைச் சாத்திட்டாவ. இருநூத்திச் சொச்சம் பேரு. எனக்குக் கேடயம் குடுத்தாவ, வருசத்தின் சிறந்த பணியாளருன்னு. போட்டோ எடுத்து ஆபீஸ்ல மாட்டுனாவ. அந்தக் கேடயம் உள்ளதான் கெடக்கு, பித்தாளை முலாம், உங்களுக்குப் பிரயோசனப்படாது.

வடக்கு ஆளுக எல்லாம் ஜோதிமுத்து மேல பாஞ்சிட்டாவ. மச்சான்காரன்கூடச் சேந்து எங்களை வித்துட்டியேன்னு. லாரியை வேண்டாம்னு சொன்னது அவன்தான? கேண்டீன்ல வச்சு ஒருத்தன் செருப்பைக் கழத்திட்டானாம். அவன் ஒரு வார்த்தை என் பேரைச் சொல்லல. சொல்லியிருந்தாலும் நான் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன், அது அவனுக்குத் தெரியும்.

இதுல செல்லக்கனி விசயம் ஒண்ணு இருக்கு. அவளுக்கு இதுக்கெல்லாம் முன்னாலயே சிறுநீரகம் ரெண்டும் போச்சு, பாவம். செவ்வாயும் வெள்ளியும் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில டயாலிசிஸ். ஓடுத கம்பெனி ஆளுக்கும் அவன் குடும்பத்துக்கும்தான் ஆஸ்பத்திரி கார்டு. வடக்கு மூடுன அடுத்த மாசமே கார்டை வாங்கிட்டாவ. பெரியாஸ்பத்திரியில பதிஞ்சாவ, அங்க வாரத்துக்கு ஒரு தடவைதான் மிஷின் கெடச்சுது. கால் வீங்கிக்கிட்டு பஸ்ஸுல போய்ட்டு வருவா. ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தா. என் கார்டுல அவ பேரைச் சேக்க முடியுமான்னு கேட்டா. கார்டுல நான், என் பொண்டாட்டி, பிள்ளைய. கூடப்பொறந்தவளுக்கு எடம் கெடையாதும்மா, ரூலுன்னேன். மேனேஜருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னு என் பொண்டாட்டி இன்னிக்கும் அரிச்சுக்கிட்டே இருக்கா. எப்படிக் கேக்க? சூப்பிரண்டு போஸ்ட்டுக்கு என் பேரு போயிருக்கு. அந்த நேரத்துல போய்ச் சொந்தக்காரிக்குச் சலுகை குடுங்கன்னு கேட்டா, நம்மளைப் பத்தி என்ன நெனப்பாவ?

போவும்போது அவ வாசல்ல நின்னு ஒண்ணு கேட்டா.

"அண்ணே, அன்னைக்குக் குழம்பு சாப்பிட்டியா?"

சாப்பிட்டேம்மா, நல்லா இருந்துச்சுன்னேன். அதை எதுக்குக் கேட்டான்னு எனக்கு இன்னும் வெளங்கல.

ஆவணி மாசம் போயிட்டா. நாப்பத்தி நாலு வயசு. பொறந்த வீட்டுக் கோடி அண்ணன்தான போடணும்? கடையில நிண்ணு பாத்துப் பாத்து எடுத்தேன், அரக்குக் கலர் பட்டு. அவளுக்கு அரக்குன்னா உசிரு. கொண்டுபோனா அந்த ஜோதிமுத்து, வேண்டாம்னு கையக் காட்டிட்டான். ஊருக்கு முன்னால, அண்ணாச்சி. சேலையைக் கையில வச்சுக்கிட்டு நான் நிக்கேன். வாங்கிக்கிட்டா அவனுக்கு என்ன கொறைஞ்சு போவும்? இழவு வீட்டுல வந்து ஒருத்தனை அவமானப்படுத்துதது எந்த ஊரு நியாயம்? எனக்கு அழுகையே வந்துட்டு. அந்தச் சேலை இன்னும் பீரோவுல கெடக்கு. பொண்டாட்டியைக் கட்டச் சொன்னா கட்ட மாட்டேங்கா.

சரி, அது போவட்டும். வடக்கு போன பெறவு நாங்கதான் ராஜா, பாத்துக்கிடுங்க. போட்டிக்கு ஆளில்ல. நாங்க எழுதுனதுதான் விலை. எட்டு மாசம் அப்படி ஓடுச்சு. உங்க ஊருல கரண்ட் பில்லு ஏறியிருக்குமே? அது நாங்கதான்.

ஆனா ஒண்ணு பாத்தியளா, போட்டி நடந்த காலத்துல விலையைக் கொறைக்கணும் கொறைக்கணும்னு எங்க சின்ன பாய்லருக்குச் செலவே பண்ணல. ஒரு பாகம் போனா இன்னொண்ணைக் கழத்தி மாட்டுவோம். அதுவும் என் யோசனைதான், அதுக்கும் பாராட்டுனாவ. மார்கழியில எங்க யூனிட்டு திடுதிப்புனு நின்னு போச்சு. நாலாவது யூனிட்டைப் பிரிச்சுப் போட்டிருக்காவ. சின்ன பாய்லர் எந்திரிக்கல. ஒரு தடவை எழுப்ப முடியாமப் போச்சு. பத்து நாளுல ரெண்டாவது தடவை. அதே மாசம் மூணாவது தடவையும் கூப்பிட்டுட்டாவ. காலையில கூப்பிட்டு, சாயங்காலம் ஆறு மணின்னு அதே பாட்டு. மேனேஜரு உரக் கம்பெனிக்குப் போன் போட்டாரு. அன்னைக்கு வரச் சொல்லிட்டுப் பாதி வழியில திருப்பி அனுப்புன எடம்தான அது, இனி அந்தக் கேட்டுப் பக்கமே லாரி வராதுன்னுட்டாவ. அது வடக்குக் கம்பெனி சார், நாங்க தெக்குன்னு இவரு சொல்லுதாரு. எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்னு வச்சுட்டாவ.

நான் கீழ எறங்கிப் போனேன். எதுக்குப் போனேன்னு கேக்காதிய. சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர் செத்து எட்டு மாசம். எனக்குத் தெரியாதா? கை தானாப் போய் ஸ்பேனரை எடுத்துச்சு. ரெண்டு தட்டுனேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. திரும்பப் போனேன். அப்ப அந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணு தட்டுச்சு.

நான் வடிகாலத் தொறந்தேன் அண்ணாச்சி. தொறந்துட்டு, மேல ஆளனுப்பி, நீராவி வருதுன்னு சொன்னேன். எங்கேருந்துன்னு நான் சொல்லல, சின்ன பாய்லரு எந்திரிச்சிட்டுன்னு நெனச்சு மேனேஜரும் நம்பி, எங்களால முடியும்னு மேலிடத்துக்குச் சொல்லிட்டாரு. வெளியூர்ல ஒரு எடத்துல வாடகைப் பாய்லர் பேசிக்கிட்டிருந்தாராம், அதையும் விட்டுட்டாரு. நான் நிக்கேன். ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம். மறுபடி தட்டுனேன், ரெண்டு. பதிலு ஒண்ணு. இருபத்தாறு வருசத்துல குழாயில ஒரு பொய் நான் கேட்டதில்ல. நம்பாம எப்படி இருக்க? வடிகால்ல கைய வச்சபடி நின்னேன். சாப்பிடப் போவல. அவசரத்துக்குப் போவணும்னு இருந்துச்சு, போவல, பேண்டுலயே... விடுங்க. ஆறு மணி ஆயிட்டு.

சுவத்தைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் ஓடுனேன். ஜோதிமுத்து அங்க வாச்மேன். செத்த யூனிட்டுக்குக் காவல், காக்கிச் சட்டை, என்னைய மாதிரியே ஒரு விசிலு. வால்வுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்திருக்கான், மடியில ஸ்பேனரு. என்னைப் பாத்து எந்திரிச்சு நின்னான், மரியாதையாத்தான் நின்னான்.

"நான் பொய் தட்டல மச்சான். முழுசாத் தொறந்துதான் வச்சிருக்கேன், வந்து பாருங்க."

பாத்தேன். தொறந்துதான் இருந்துச்சு. துருவேறிக் கெடந்த வால்வு, அதைத் தொறக்க அவன் கையெல்லாம் கிழிஞ்சு ரத்தம். அந்தப் பக்கம் ஆவியே இல்ல, அவன் தொறந்து வச்சிருக்கான்.

அவ்வளவுதான் எங்க கம்பெனி. என்னைத்தான் மொத வெளிய அனுப்புனாவ, பொய்த் தகவல் குடுத்தேன்னு எழுதி. நான் குடுத்ததா பொய்? பழசை மனசுல வச்சுக்கிட்டு ஒரு மனுசனை இப்படியா நட்டாத்துல விடுவாவ? அதுவும் பொண்ணு குடுத்த வீட்டு ஆளை?

இந்தா, பாஸ் வந்துட்டு. ஹெல்மெட் போட்டுக்கிடுங்க. கீழ போனா அந்தக் குழாயை நாளைக்கு வெட்டச் சொல்லிருங்க அண்ணாச்சி, மத்ததெல்லாம் பெறவு பாத்துக்கலாம். அவன் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கான். சாயங்காலம் வேலை முடிஞ்சா நான் எறங்கிப் போய் ரெண்டு தட்டுவேன். ஒண்ணு தட்டுவான். தட்டிட்டா வடிகாலத் தொறந்துட்டு நிக்கணும்லா, நிப்பேன். எவ்வளவு நேரம்தான் நிக்க? அவன் மூணு தட்டுனா நான் வீட்டுக்குப் போயிருவேன். மூணு தட்டுததுக்கு அவனுக்கு என்ன, கையா வலிக்குது?